நான்காவது குடுவை

அந்த வியாழக்கிழமை காலையில் நான் செய்யாமல் விட்ட வேலைக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. குடுவையை எடுத்து, மூடியைத் திறந்து, பிளீச்சிங் கரைசலை ஊற்றி மூடிவிட வேண்டியதுதான். பதினோரு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். யோசிக்காமலே கை செய்துவிடும். அன்றைக்கு யோசித்தேன். யோசித்ததுதான் வினையாகப் போயிற்று.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அன்று சதுர்தசி.

நாங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கத்துச் சமணர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம், வடிகட்டாத தண்ணீரைக் குடிக்க மாட்டோம். அஷ்டமியும் சதுர்தசியும் வந்தால் கட்டுப்பாடு இன்னும் ஜாஸ்தி. அந்த இரண்டு நாட்களில் தெரிந்து ஓர் உயிரையும் போக்குவதில்லை என்று இருபது வயதில் ஒரு விரதம் எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் கொல்வதற்கு எனக்குக் கொசுவை விட்டால் வேறு எதுவும் கிடைத்ததில்லை. அதனால் விரதம் சுலபமாக இருந்தது.

பிறகு ஆர்த்தி மேடத்தின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு வீட்டின் மாடி. வெளியே இருந்து பார்த்தால் டியூஷன் சென்டர் என்று நினைப்பார்கள். உள்ளே நாங்கள் ஸ்டெம் செல்லிலிருந்து மனித உடம்பின் காவல் செல்களை வளர்க்கிறோம். ஸ்டெம் செல் என்பது இன்னும் எதுவாகவும் ஆகாத குருத்து. சரியான சத்துத் திரவத்தை, சரியான நாளில், சரியான அளவில் மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஐந்து வாரத்தில் அது கிருமியை விழுங்குகிற வெள்ளைச் செல்லாக வளர்ந்து நிற்கும். கைக்குழந்தையை வளர்ப்பதைவிடப் படுத்தல். ஞாயிற்றுக்கிழமையும் போய்த் தீனி போட வேண்டும்.

இந்த வேலையில் வளர்ப்பது பாதி, அழிப்பது பாதி. மிச்சமானது, கெட்டுப்போனது எல்லாவற்றையும் பிளீச்சிங் ஊற்றித்தான் கொட்ட வேண்டும். அதற்கு நானும் முருகவேலும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். முருகவேல் என்னுடன் வேலை பார்ப்பவன், என்னைவிட ஆறு வயது சின்னவன். அஷ்டமி, சதுர்தசியில் அழிக்கிற வேலை அவனுடையது. கிருத்திகைக்கு அவன் கோயிலுக்குப் போனால் அவன் வேலையை நான் பார்ப்பேன். ஒரு முறை குடுவையைக் கழுவிக்கொண்டே கேட்டான்: "சதுர்தசிக்குச் சதுர்தசி நான் ஊத்தறேனே, அந்தப் பாவம் எந்தக் கணக்குலக்கா போவும்?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நானும் சிரித்துத்தான் மழுப்பினேன்.

அந்த வியாழக்கிழமை முருகவேல் லீவு. அக்கா குழந்தைக்குக் காது குத்து என்று போளூர் போயிருந்தான். ஆர்த்தி மேடம் சென்னையில் இருந்தார். ஆய்வகத்தில் நான் மட்டும்தான். இன்குபேட்டரில் நான்கு குடுவைகள் இருந்தன. நான்கிலும் ஒரே குழந்தையின் செல்கள்.

அந்தக் குழந்தையின் பெயர் கவியா. ஆறு வயது. அவள் அம்மா ஆதிலட்சுமி கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட். கவியாவின் காவல் செல்களுக்குக் கிருமியை விழுங்கத் தெரியும், செரிக்கத் தெரியாது. பிறவிக் குறை. நம் உடம்பில் தினமும் மூச்சோடு போகிற பூசண வித்து நம்மை ஒன்றும் செய்யாது. அவள் உடம்பில் அது விழுங்கிய செல்லுக்குள்ளேயே முளைத்து, செல்லைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இதே குறையில் அவளுக்கு முன்னால் பிறந்த அண்ணன் நான்கு வயதில் போய்விட்டான். இப்போது கவியாவின் நுரையீரலில் பூசணம் பிடித்து, சென்னையில் ஒரு மருத்துவமனையில் கிடந்தாள்.

டாக்டர்களிடம் இரண்டு மருந்துகள் இருந்தன; பூசணத்தைக் கொல்பவை அல்ல, செல்லுக்குச் செரிக்கும் தெம்பைக் கொடுப்பவை. இந்தக் குறை உள்ள குழந்தைகளில் சிலருக்கு முதல் மருந்து பிடிக்கும், சிலருக்கு இரண்டாவது பிடிக்கும், சிலருக்கு எதுவும் பிடிக்காது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அவள் கல்லீரல் தாங்காது. ஒன்றைக் கொடுத்துப் பார்த்து, அது தோற்றால் மற்றதைக் கொடுக்கலாம் என்றால் அதற்கு நாள் இல்லை. அவள் உடம்பிலிருந்து இனிமேல் ரத்தம் எடுத்துச் சோதிக்கவும் தெம்பு இல்லை. ஆனால் எட்டு மாதத்துக்கு முன்னால் எடுத்த ஒரு குழாய் ரத்தத்திலிருந்து நாங்கள் உண்டாக்கிய அவளுடைய ஸ்டெம் செல்கள் எங்களிடம் இருந்தன. அவளுக்குப் பதில் அவள் செல்களிடம் கேட்டுச் சொல்லுங்கள், திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று மருத்துவமனை கேட்டிருந்தது.

முதல் குடுவையில் மருந்து இல்லை. இரண்டாவதில் முதல் மருந்து, மூன்றாவதில் இரண்டாம் மருந்து. நான்காவது, ஏதாவது கெட்டுப்போனால் கைவசம் இருக்கட்டும் என்று மருந்தில்லாமல் வைத்தது. புதன்கிழமை மருந்து ஊற்றியாகிவிட்டது. கவியாவின் நுரையீரலில் இருக்கிற அதே பூசணத்தை மேடம் சென்னையிலிருந்து வாங்கி வருவார். வெள்ளிக்கிழமை அதைக் குடுவைகளில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை எந்தக் குடுவை ஜெயித்தது என்று பார்ப்பதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை நான் இன்குபேட்டர் கதவைத் திறந்தபோது நான்காவது குடுவையில் ஊறுகாய் ஜாடி ஓரத்தில் இருப்பதுபோல வெள்ளையாக ஒரு பொட்டு இருந்தது. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட பூசணம். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: கண்ட உடனே பிளீச்சிங். வேறு பேச்சே கிடையாது. இன்குபேட்டருக்குள் காற்றைச் சுழற்ற ஒரு விசிறி இருக்கிறது. ஒரு குடுவையில் பூத்தது ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் பரவிவிடும்.

பிளீச்சிங் பாட்டிலைக் கையில் எடுத்தேன். தேதி ஞாபகம் வந்தது.

முருகவேலுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போளூர் ஒன்றும் டில்லி இல்லை, வண்டியில் வந்து ஊற்றிவிட்டுப் போயிருப்பான். என் விரதம் கெடாமல் இருக்க நீ வந்து கொன்றுவிட்டுப் போ என்று காதுகுத்து வீட்டில் இருப்பவனிடம் சொல்வதற்குக் கூச்சமாக இருந்தது. குடுவையை வெளியே எடுத்து வைத்தால் குளிரில் செல்கள் செத்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் அதே கதி. மூடியை டேப் போட்டு இறுக்கி அடைத்தால் காற்றில்லாமல் சாகும். எதைச் செய்தாலும் கொலை. ஆகவே என் புத்திசாலித்தனத்துக்கு எட்டிய ஒரே வழியைச் செய்தேன். குடுவையைச் சுற்றி டேப் ஒட்டி, மூடியில் மூச்சு விட மட்டும் கொஞ்சம் இடம் விட்டு, இன்குபேட்டரின் அடித்தட்டிலேயே திரும்ப வைத்தேன். நாளைக் காலை ஏழு மணிக்கு வந்து முதல் வேலையாக ஊற்றிவிடலாம், ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உலகத்தில் வேறு எந்த ஆய்வகத்திலும் வேறு எந்த மடச்சியும் இந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டாள்.

சதுர்தசிக்கு மறுநாள் பௌர்ணமி. இதை மறந்துவிட்டேனே, நான் என்ன வெளியூரா? கிரிவலக் கூட்டம் விடியும் முன்பே வர ஆரம்பித்துவிட்டது. காலை ஆறு மணிக்குக் கீழ்பென்னாத்தூரில் ஏறிய பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்து, ஊருக்கு வெளியிலேயே எல்லோரையும் இறக்கிவிட்டது. நடந்தேன். பாதி தூரம் ஓடினேன். மாடி ஏறும்போது மணி பத்தரை.

கண்ணுக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நான்காவதில் மட்டும் பொட்டு பெரிதாகி, மூடி வரை பூத்து, பச்சை ஏறியிருந்தது. மற்ற மூன்றும் தெளிவான ரோஜா நிறம். எனக்கு உயிர் வந்தது. இருந்தாலும் மனது கேட்கவில்லை; மூடியைத் திறக்காமலே ஒவ்வொன்றாக மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

முதல் குடுவையில் நூல் நூலாகப் பூசணம் ஓடியிருந்தது. இரண்டாவதிலும் அப்படித்தான். செல்லுக்குள்ளிருந்து முளைத்துக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. மூன்றாவதில் நூல் தெரியவில்லை. அதை முழுதாகப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். ஐந்து வார வேலை போய்விட்டது. புதிதாக வளர்க்க இன்னும் ஐந்து வாரம் வேண்டும். கவியாவுக்கு இருந்தது மூன்று நாள்.

பயத்தில் புத்தி கெட்டுப்போகும் என்பார்கள். எனக்கு நன்றாகவே வேலை செய்தது. மூன்று குடுவையும் கண்ணுக்குத் தெளிவாக இருக்கின்றன. மேடம் வந்ததும் மூன்றிலும் பூசணம் போடத்தான் போகிறார். போட்டுவிட்டால் பழையது எது புதியது எது என்று பிரம்மாவாலும் பிரிக்க முடியாது. நான்காவதை இப்போதே அழித்துவிட்டு, இன்று காலைதான் கெட்டுப்போனது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. நான் நினைத்ததை அப்படியே சொல்கிறேன். அந்த நிமிடம் எனக்குக் குழந்தை ஞாபகம் வரவில்லை, என் வேலைதான் ஞாபகம் வந்தது.

ஆர்த்தி மேடம் பன்னிரண்டு மணிக்கு வந்தார். அவரும் நடந்துதான் வந்திருந்தார். புடவை முழுக்க வேர்வை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தெர்மாகோல் டப்பாவிலிருந்து பூசணக் குழாயை எடுத்து வைத்தார், கையுறை போட்டார், உட்கார்ந்தார். குடுவைகளைக் கேட்டார். நான் கொண்டு வந்து வைத்தேன். நான்காவது எங்கே என்று கேட்டார். கெட்டுப்போச்சு, கொட்ட எடுத்து வெச்சிருக்கேன் என்றேன். அது பொய் இல்லை. தலையை ஆட்டிவிட்டு, கணக்காக அளந்து, ஊசிக் குழாயில் பூசணத்தை இழுத்தார். ஒவ்வொரு குடுவைக்கும் எத்தனை வித்து என்று எண்ணி வைத்திருந்தார். கவியாவின் செல்கள் எத்தனை வித்தைத் தாங்கும் என்பது கணக்கு. கணக்குக்கு மேல் போட்டால் எந்த மருந்தாக இருந்தாலும் தோற்றுவிடும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதே விசிறிக் காற்றில் மூன்றாவது குடுவைக்கும் பூசணம் வந்திருக்கும்; நூல் இல்லை என்றால் அது ஏற்கெனவே ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் இன்னொரு பங்கு விழுந்தால் தோற்கும். இரண்டு மருந்தும் உதவாது என்று நாங்கள் எழுதி அனுப்புவோம். நல்ல மருந்து பெட்டியிலேயே இருக்கும். இதைச் செய்தது நான் என்று அந்தக் குழந்தையின் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

"மேடம், போடாதீங்க."

கை நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே, ஒரு வார்த்தை விடாமல், டேப்பில் மூச்சுக்கு விட்ட இடம் உட்படச் சொன்னேன். மேடம் ஊசிக் குழாயைக் கீழே வைத்தார்.

"நேத்து காலைல பார்த்தீங்க. பாட்டில் கையில இருந்துச்சு. ஏன் ஊத்தலை?"

"நேத்து சதுர்தசி மேடம்."

"பூசணத்துக்குக் கூடவா?"

 அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. எழுந்து போய் மைக்ரோஸ்கோப்பில் முதல் குடுவையை வைத்தார், எடுத்தார். இரண்டாவதை வைத்தார், எடுத்தார். மூன்றாவதை வைத்தவர் எடுக்கவே இல்லை. தெருவில் கிரிவலக்காரர்களின் அரோகரா கேட்டுக்கொண்டிருந்தது.  கடைசியில் நகர்ந்து இடம் விட்டு, நீங்களே பாருங்க என்றார்.

பார்த்தேன். நான் நினைத்ததுபோலவே மூன்றாவது குடுவைக்கும் பூசணம் வராமல் இல்லை. வந்திருந்தது. செல்களுக்குள் வித்துகள் இருந்தன, ஒன்று, இரண்டு, சிலதில் மூன்று. ஆனால் ஒன்றுகூட முளைக்கவில்லை. சில வித்துகள் சுருங்கி, ஓரம் கரைந்திருந்தன. கவியாவின் செல்கள் விழுங்கியதைச் செரித்துக்கொண்டிருந்தன.

நான் அழுதேன். மேடம் அழவில்லை. அவருக்கு என்மேல் இருந்த கோபமும் குறையவில்லை.

"சந்தோஷப்படாதீங்க. இது எந்தப் பூசணம்னே நமக்குத் தெரியாது. மருந்தே நேரா இந்தப் பூசணத்தைக் கொன்னிருக்கலாம், செல்லுக்கு அதுல பங்கே இல்லாம இருக்கலாம். அப்படின்னா வேற பூசணம் பிடிச்ச அந்தக் குழந்தைக்கு இது உதவும்னு சொல்ல முடியாது."

ஆகவே இரண்டு சின்னத் தட்டுகள் வைத்தோம். ஒன்றில் இரண்டாம் மருந்து மட்டும், செல் கிடையாது. அதில் நான்காவது குடுவையின் பூசணத்தைத் தொட்டு வைத்தார். இன்னொன்றில் மூன்றாவது குடுவையிலிருந்து கொஞ்சம் செல்கள். செல்லுக்குள் ஏற்கெனவே இருப்பதைக் கழித்துக்கொண்டு, அதில் கவியாவின் நுரையீரல் பூசணத்தைக் கணக்கோடு போட்டார். முதல் தட்டில் பூசணம் நன்றாக வளர வேண்டும், இரண்டாவதில் வளரக் கூடாது. அப்படி ஆனால்தான் மூன்றாவது குடுவையில் நான் பார்த்தது நிஜம். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பூசணம் செழித்து வளர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை முருகவேல் வந்தான். விஷயம் தெரிந்ததும் என்னைக் கேலி செய்வான் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. "ஒரு போன் பண்ணியிருந்தா வந்திருப்பேனேக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கெட்டுப்போன முதல் குடுவையையும் இரண்டாவதையும் நான்காவதையும் எடுத்துக்கொண்டு போய் அவனே அழித்தான். எனக்கு அதுதான் அதிகமாக உறுத்தியது. இத்தனை வருடமாக நான் கொல்லாமல் இருக்கவில்லை, இவனைக் கொல்ல வைத்திருக்கிறேன். அன்று முழுக்க மணிக்கு ஒரு முறை தட்டுகளைப் பார்த்தோம். மதியமே முதல் தட்டில் லேசாகப் புகை பிடித்த மாதிரி தெரிந்தது. இரண்டாவதில் எதுவும் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை என்பதற்கும் தெரியாமலே போகும் என்பதற்கும் ஒரு நாள் தூரம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் தட்டு முழுக்க வெள்ளை வெளேர் என்று பூத்திருந்தது. மருந்து தனியாக அதை ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது தட்டை மேடம் மைக்ரோஸ்கோப்பில் வைத்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை, ஒரு கட்டம் விடாமல் நகர்த்திப் பார்த்தார்.  நூல் ஒன்றுகூட இல்லை.

மேடம் டாக்டருக்குப் போன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். என் பெயரையும், நான் என்ன செய்தேன் என்பதையும், இந்தச் சோதனை முறைப்படி நடக்கவில்லை என்பதையும் சொன்னார். அந்தப் பக்கம் கேள்வி மேல் கேள்வி. கடைசியில் டாக்டர், இரண்டாம் மருந்தை இன்றைக்கே ஆரம்பிக்கிறேன், நீங்கள் சுத்தமான குடுவைகளில் மறுபடி செய்து ஐந்து வாரத்தில் உறுதிப்படுத்துங்கள் என்றாராம். மேடம் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க விஷயத்தை நாளைக்குப் பேசலாம். அந்த அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. மருந்தை மட்டும் இல்லை, எல்லாத்தையும்."

ஆதிலட்சுமியை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். வாரா வாரம் போனில் செல் எப்படி இருக்கிறது என்று கேட்பார், குழந்தையையே கேட்பதுபோல. அன்று முதல் மணியிலேயே எடுத்தார். நான் தப்பிலிருந்து ஆரம்பித்தேன். சதுர்தசி, குடுவை, பிளீச்சிங், பஸ் எல்லாவற்றையும் சொன்னேன்.   அவருக்குப் பின்னால் ஏதோ ஆஸ்பத்திரி மிஷின் விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்னதுல பாதி எனக்குப் புரியலைங்க. உங்க மேல கோபப்படணுமானு கூடத் தெரியலை. அது அப்புறம் இருக்கட்டும். என் பொண்ணு செல்லு அதை முழுங்குச்சு, சரி. செரிச்சுதா?"

"செரிச்சுது."

"பொறந்ததுல இருந்து அவளுக்கு ஒண்ணும் செரிச்சதே இல்லைங்க" என்றார்.   டாக்டர் வருகிறார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது மூன்றாவது குடுவை. பூசணம் பட்டது எதையும் வைத்திருக்கக் கூடாது. முருகவேல் வழக்கம்போலக் கையை நீட்டினான். இன்று சதுர்தசி இல்லை என்பது அவனுக்கும் தெரியும்; என் முகத்தைப் பார்த்துவிட்டு நீட்டினான்.

"குடுக்கா, நான் ஊத்தறேன்."

"வேணாம்டா. இனிமே எந்த நாளா இருந்தாலும் நானே ஊத்தறேன்."

குடுவையைக் கடைசியாக ஒரு தரம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். கவியாவின் செல்கள் வயிறு நிறைந்து, ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு, உயிரோடு கிடந்தன. ஜெயித்தவை. மூடியைத் திறந்து பிளீச்சிங்கை ஊற்றினேன். ரோஜா நிறம் வெளுத்துக்கொண்டே வந்து தண்ணீர்போல ஆயிற்று. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.